யாழ்ப்பாணத்தில் பழைய முறையில் வீடு கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் வீடு கட்ட நினைப்பவர்கள் வீட்டுப்படம் கீறும் எங்களிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். சில கேள்விகள் ரொறொன்ரோவிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும், சிலவற்றை ஒழுங்கையில் மறித்துக் கேட்பார்கள். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கமும் கட்டிய அம்மம்மாவின் நாற்சார் வீடு மனதில் இருக்கிறது. அதே மாதிரி ஒன்று வேண்டும், ஆனால் இன்றைக்கு வசிக்கவும் வேண்டும், பேரப்பிள்ளை காலம்வரை நிற்கவும் வேண்டும் என்கிறார்கள். மூன்றும் சேர்ந்து நடக்கக்கூடியதுதான். அதற்குச் சில இடங்களில் பிடிவாதமாகவும் சில இடங்களில் விட்டுக்கொடுத்தும் போக வேண்டியிருக்கும்.

நாற்சார் வீடு என்றால் தூணும் திண்ணையும் நடு முற்றமும்தானே?

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் கொங்கிறீற் பெட்டி ஒன்றைக் கட்டி முன்னால் நாலு தூணை நிறுத்திவிட்டால் அது பழைய முறை வீடு ஆகாது. மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளே போய் நின்றால் தெரிந்துவிடும்.

அந்த வீடுகளின் சுவரில் வெயில் நேரே படுவது குறைவு. கூரையின் தாவாரம் பதிந்து இறங்கி, விறாந்தைக்கு அப்பால்தான் நிழல் முடியும். அறைகள் விறாந்தைக்கும் முற்றத்துக்கும் நடுவில் இருப்பதால் ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கம் காற்று உண்டு. சன்னலின் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாகத் திறக்கும்: தெருவில் போகிறவர் பார்க்காமல் கீழ்ப் பாதியைச் சாத்திவிட்டு மேலால் காற்று வாங்கலாம். இந்த ஏற்பாடுகளை முதலில் படத்தில் கொண்டுவாருங்கள். தூணுக்குச் செதுக்கல் வேண்டுமா என்பதைக் கடைசியாகப் பேசலாம், காசு மிஞ்சினால்.

இன்னொன்று, அந்த வீடுகளில் எதுவும் கழற்றி மாற்றக்கூடியது. ஓடு உடைந்தால் அந்த ஓட்டை மாற்றலாம், ஓட்டைத் தாங்கும் சிலாகை உக்கினால் அந்தச் சிலாகையை மாற்றலாம். நூறு வருடம் நின்ற வீடுகளின் இரகசியம் இதுதான் என்பது எங்கள் எண்ணம். கீழே சொல்லும் பல மறுமொழிகள் இதிலிருந்துதான் வருகின்றன.

எங்களிடம் இரண்டு பரப்புக் காணிதான் இருக்கிறது. முற்றம் வைக்க முடியுமா?

ஒரு பரப்பு பத்துப் பேர்ச், அதாவது ஏறத்தாழ 2,720 சதுர அடி. இரண்டு பரப்பு என்றால் 5,400 சதுர அடிக்கு மேல். தெருவுக்கு விட வேண்டியதை விட்டு, கிணறு, மலக்குழி, வாகனம் நிறுத்த இடம் எல்லாம் கழித்தால் முழு நாற்சார் நெருக்கமாகத்தான் இருக்கும். பிடிவாதம் பிடித்தால் முற்றம் எட்டடிக்குச் சுருங்கும். எட்டடி முற்றத்தில் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பாசி மட்டும் பிடிக்கும்.

பன்னிரண்டு அடிக்குக் குறைய முற்றம் வைக்காதீர்கள். அதற்கு இடம் இல்லையென்றால் வீட்டை மூன்று பக்கமாக மடக்கி, நாலாவது பக்கத்தை எல்லை மதிலுக்கு விடுங்கள். மதிலடியில் ஒரு மாதுளையோ செவ்விளநீரோ நின்றால், இருக்கிறவருக்கு நாற்சாருக்குள் இருக்கும் உணர்வு வரும். கட்டுவதற்கான செலவும் குறையும்.

முற்றத்துக்குள் மழை கொட்டுமே, வீடு வெள்ளமாகாதா?

சரியாகக் கட்டாவிட்டால் ஆகும். யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வந்து கொட்டிவிட்டுப் போவது. 2008 நவம்பரில் நிஷா புயல் மழைக்கு ஊர் என்ன பாடுபட்டது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 45 அடிக்கு 45 அடி வீடு, நடுவில் 14 அடிக்கு 14 அடி முற்றம். நாலு பக்கக் கூரையிலும் முகட்டுக்கு உள்ளே சாய்கிற பாதி முற்றத்துக்குத்தான் தண்ணீர் தள்ளும். முற்றத்தையும் சேர்த்தால் அது ஏறத்தாழ 870 சதுர அடி. ஒரு மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அந்தச் சிறு முற்றத்துக்குள் எண்ணாயிரம் லீற்றர் இறங்கும். இதை ஒரு இரண்டு அங்குலக் குழாயை நம்பி விடுகிறவர்கள் இருக்கிறார்கள்!

ஆகவே முற்றத்தின் நிலம் விறாந்தையைவிட ஒரு படியாவது தாழ்ந்திருக்க வேண்டும். வெளியேறும் வழி இரண்டு வையுங்கள், ஆறு அங்குலத்துக்குக் குறையாமல். ஒன்றில் மாவிலை அடைத்தாலும் மற்றது இழுக்கும். குழாய் வீட்டின் கீழால் போவதால் வளைவு இல்லாமல் நேராகப் போகட்டும், இரண்டு முனையிலும் கம்பி விட்டுக் குத்தக்கூடிய மூடி இருக்கட்டும். உள் தாவாரத்துக்குப் பீலி போட்டு அந்தத் தண்ணீரைத் தொட்டியில் எடுத்தால் இன்னும் நல்லது. 1,000 சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 2,300 லீற்றர் நல்ல தண்ணீர். தீவுப்பகுதிக் காரருக்கு இதன் அருமையை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

டெங்குப் பயத்தில் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடச் சொல்லிச் சிலர் கேட்பார்கள். மூடினால் சூடு வெளியே போக வழியில்லாமல் நடு வீடு அவியும். தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுத்து, அறைச் சன்னல்களுக்கு நுளம்பு வலை அடித்தால் போதும். கள்ளர் பயத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போடலாம். அது வேண்டியதுதான்.

வாசல் எந்தப் பக்கம் வைப்பது? சாத்திரியார் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள்.

பெரும்பாலும் சண்டை வராது. உதாரணத்துக்குக் குசினியைத் தென்கிழக்கு அக்கினி மூலையில் வைக்கச் சொல்வார்கள். இங்கே வருடத்தில் இரண்டு பெரிய காற்று. சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். தென்கிழக்கு மூலையில் எழும் புகையை இரண்டுமே வீட்டுக்குள் கொண்டுபோகாது. விறகடுப்பு வைத்திருந்த காலத்தில் இதைவிட நல்ல இடம் இல்லை. இப்போது காஸ் அடுப்பு என்றாலும் மீன் பொரிக்கிற மணம் அதே மணம்தான்.

வெயில் விஷயத்தில்தான் பலர் தவறாக நினைத்திருக்கிறார்கள். தெற்குப் பக்கம்தான் சூடு என்பார்கள். யாழ்ப்பாணம் வட அகலக்கோடு 9 பாகை 40 கலையளவில் இருப்பதால், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பிறகு ஓகஸ்ட் கடைசிவரை மத்தியானச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும். எங்கள் கடும் வெயில் மாதங்கள் இவைதான். அதனால் வடக்கு விறாந்தையையும் அகலமாக வையுங்கள். வாடை மழைச் சாரலுக்கும் அதுவே மறைப்பு. மேற்குப் பக்கத்தில் படுக்கை அறை வேண்டாம். களஞ்சியம், குளியலறை, மாடிப்படி என்று பகலில் ஆள் இருக்காதவற்றை அங்கே தள்ளுங்கள்.

வீட்டின் இடத்தை நிலத்தில் குறித்து நிலையம் எடுக்கும் நாளுக்கு முன்னரே சாத்திரியாரையும் படம் கீறுபவரையும் ஒரே மேசையில் இருத்துவது நல்லது. அத்திவாரம் வெட்டியபிறகு வாசலை இரண்டடி நகர்த்தச் சொன்னால் மேசனார் கத்துவார், அதில் நியாயம் உண்டு.

ஓடு போடுவதா, பிளேட் அடிப்பதா?

நீண்டகாலம் இருக்கப் போகிற தரைத்தள வீட்டுக்கு ஓடு. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பிளேட் என்கிற தட்டைக் கொங்கிறீற் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்து இரவில் உங்கள் கட்டிலுக்கு மேல் விடும். பிறகு ஏசி போட வேண்டும், ஏசிக்காகச் சன்னலைச் சாத்த வேண்டும், சாத்தினால் காற்றுக்காகக் கட்டிய வீடு எதற்கு? இதைவிடப் பெரிய கவலை கம்பி. கடலிலிருந்து சில மைல் தூரத்துக்குள்தான் குடாநாட்டின் பெரும்பகுதியும் இருக்கிறது. உப்புக் காற்றும், சரியாகக் கழுவாத மணலும் சேர்ந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, சீமெந்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதைக் கழற்றி மாற்ற முடியாது. ஓட்டுக் கூரையில் பூனை ஓடி நாலு ஓடு விலகினால் ஒருவர் ஏறி ஒரு பின்னேரத்தில் சரிசெய்துவிடுவார்.

ஓட்டுக்கு வாட்டம் முக்கியம். பாகைமானி பிடித்துப் பார்த்து 30 பாகைக்குக் கிட்டவாவது இருக்கட்டும். அழகுக்காக வாட்டத்தைக் குறைத்தால் வாடை மழை ஓட்டுக்கு அடியால் ஏறும். இப்போது புது ஓடு வென்னப்புவ, வைக்கால் பக்கத்திலிருந்து வருகிறது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் கள்ளிக்கோட்டை ஓடு வாங்கலாம். தட்டிப் பாருங்கள், கிண் என்று கேட்டால் எடுங்கள். எந்த ஓடாக இருந்தாலும் நூறு, நூற்றைம்பது ஓட்டைக் கூடுதலாக வாங்கிக் கோடிப்பக்கம் அடுக்கி வையுங்கள். பத்து வருடத்துக்குப் பிறகு அதே அச்சு கிடைக்காது.

சோலர் போடுகிற எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள். அந்தப் பாரத்தைக் கணக்கில் எடுத்துத்தான் கூரையைத் தாங்கும் கைமரம் போட வேண்டும்.

பனை மரம் போட்டால் கறையான் அரிக்காதா?

முதிர்ந்த பனையின் வெளி வைரத்தைக் கறையான் இலகுவில் தொடாது. உள்ளே இருக்கும் மென்மையான சோற்றைத்தான் தின்னும். சோற்றை முற்றாகச் செதுக்கி எடுத்த கைமரமும் சிலாகையும் இன்றைக்கும் பழைய வீடுகளில் கறுத்து மினுங்கிக்கொண்டு கிடக்கின்றன. கெடுவது இளம் மரத்தை அவசரத்துக்கு அரிந்து போடுவதால். வடலியிலிருந்து வைரம் ஏற ஒரு மனித ஆயுள் வேண்டும். அதை மில்லுக்காரர் சொல்லமாட்டார்.

உங்கள் வளவிலேயே பனை நின்றாலும் நினைத்தபடி தறிக்க முடியாது. பெண்பனை, பலா, ஈரப்பலா மூன்றுக்கும் சட்டப்படி அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கதவு, நிலை, தூணுக்குப் பழைய ஆட்கள் வன்னியிலிருந்து வந்த முதிரையையும் பாலையையும் பாவித்தார்கள். இப்போது அவற்றை முறையான ரசீதோடு வாங்குவது கடினம், விலையும் ஏறிவிட்டது. வேம்பு கைக்கெட்டும் மரம், உள் அலுமாரிக்கும் சன்னலுக்கும் நன்றாக நிற்கும். விறாந்தைத் தூண் மரம் என்றால் அதன் அடி நேரே நிலத்தில் படாமல் ஒரு கல் பாதத்தில் நிற்கட்டும். தூண் கெடுவது எப்போதும் அடியிலிருந்துதான்.

சுவருக்கு என்ன?

பழைய சுவர்கள் சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் வந்தபிறகுதான் சீமெந்து எங்கள் பழக்கமாகியது. இன்றைக்குச் சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த கைகள் குறைவு என்பதால் சீமெந்துக் கல்லில் கட்டுவதைக் குற்றம் சொல்லமாட்டோம். கல் அரியும் இடத்துக்கு நேரே போய் ஒரு கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நொறுங்கினால் வேறு இடம் பாருங்கள். மணலை ஒரு கிளாஸ் நல்ல தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் திருப்பி அனுப்புங்கள். லொறிக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே சில அடியிலேயே பாறை தட்டும். அத்திவாரத்துக்கு நல்லதுதான், ஆனால் சுண்ணக்கல்லில் பொந்து இருக்கும். நிலாவரைக் கிணறு உண்டானதும் இதே பாறையில்தான். வெட்டும்போது கடப்பாறையால் தட்டிப் பார்த்து, வெறுஞ்சத்தம் கேட்கும் இடத்தை நிரப்பிவிட்டுக் கட்டுங்கள்.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் விட வேண்டும்?

எங்களிடம் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வி இது. இங்கே வீட்டின் ஆயுளைவிட வீட்டுக்காரர் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுதான்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தேங்கி நிற்பதையே இறைக்கிறோம். கீழே உப்புநீர், அதன்மேல் மிதக்கும் நன்னீர். அந்தப் பாறையில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் மலக்குழியிலிருந்து கசிவது மண்ணில் வடிகட்டப்படாமல் நேரே ஓடும். பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்பதற்குத் தோட்டத்து உரமும் இந்தக் குழிகளும்தான் காரணம். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் இது கூடாது.

தூரத்தைப் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) சொல்வதைக் கேளுங்கள், அதற்கு மேலும் காணி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவு விடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணறும் கணக்கில் உண்டு. நீங்கள் உங்கள் கிணற்றிலிருந்து தள்ளி எல்லையில் வெட்டும் குழி, மதிலுக்கு அந்தப் பக்கம் அவர்களின் கிணற்றடியாக இருக்கும். அடி திறந்த குழி வேண்டவே வேண்டாம். அடியும் பக்கமும் மூடிப் பூசிய, இரண்டு அறைத் தொட்டி கட்டுங்கள். அதிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஆழக் குழிக்கு விடாமல் மேல்மண்ணில் வாழைக்கோ செவ்வரத்தைக்கோ பரப்பிவிடுங்கள். கூரைத் தண்ணீரில் மிஞ்சுவதைக் கிணற்றருகே ஊறவிட்டால் அடுத்த கோடையில் கிணறு கொஞ்சம் நன்றி சொல்லும்.

தண்ணீர் இறைக்கும் துலாவைப் பலர் அலங்காரத்துக்கு வைக்கிறார்கள். வையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் கப்பியும் வாளியும்கூட இருந்தால் உதவும்.

மேல்மாடி வேண்டுமா?

பிள்ளைகள் ஓகஸ்டில் மூன்று கிழமை வந்து நிற்பதற்காக மாடி கட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் முழங்கால் வலியோடு அதைக் கூட்டுவது வயதான இரண்டு பேர். வேண்டாம். பின்பக்கம் பத்தி இறக்கி இரண்டு அறை பிறகு சேர்க்கக்கூடியதாகச் சுவரையும் கூரையையும் இப்போதே ஒழுங்குபடுத்துங்கள்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுபது தாண்டிவிட்டது. பழைய முறை வீட்டில் படிகள் அதிகமே?

வெள்ளத்துக்காக வீட்டை உயர்த்துவதால் படி வரத்தான் செய்யும். முன்வாசலில் படி இருக்கட்டும், பக்க விறாந்தைக்கு ஒரு சாய்தளம் போடுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று வைத்தால் சக்கர நாற்காலியை ஒருவர் தனியே தள்ளலாம். விறாந்தைக்கும் அறைக்கும் இடையில் அந்தப் பழைய உயர்ந்த வாசற்படி வேண்டாம், இரவில் தடுக்கி விழுவது அதில்தான். தலைவாசலில் மட்டும் வைத்து மஞ்சள் குங்குமம் பூசுங்கள்.

பெற்றோர் படுக்கும் அறையோடு சேர்ந்த குளியலறைக்குக் கதவு மூன்றடி அகலம், உள்ளே பிடிக்கக் கம்பி, வழுக்காத நிலம். மினுங்கும் மாபிள் வேண்டாம். பழைய சிவப்புச் சீமெந்து நிலம் காலுக்குக் குளிர்ச்சி, நன்றாகத் தீட்டினால் அழகும் அதுதான். ஆனால் அதை வெடிப்பில்லாமல் போடத் தெரிந்த மேசனைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் முன்னர் போட்ட நிலம் ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பழைய வீடு ஒன்று பாழடைந்து நிற்கிறது. திருத்துவதா, இடிப்பதா?

சுவர் நேராக நின்றால் திருத்துங்கள். போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் வடக்கில் மீளக்குடியேறியவர்களில் பலர் கண்டது கூரையும் நிலையும் போன சுவர்களைத்தான். கூரையில்லாமல் பல மாரி நனைந்த சுண்ணாம்புச் சுவரின் மேல் வரிசைகள் தளர்ந்திருக்கும். அவற்றைக் கழற்றி மீளக் கட்டினால் கீழ்ச்சுவர் பெரும்பாலும் தாங்கும். சுவருக்குள் ஆலோ அரசோ வேர்விட்டிருந்தால்தான் தயங்குவோம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சீமெந்து பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ற் அடித்தால் உள்ளே ஊறும் ஈரம் வெளியேற வழி இல்லாமல் உப்புப் பூத்து, பொருக்கு பொருக்காகக் கொட்டும். சுண்ணாம்பாலேயே பூசி வெள்ளை அடியுங்கள். வருடாவருடம் அடிக்க வேண்டும் என்பது உண்மைதான். பொங்கலுக்கு முன் எல்லாரும் சேர்ந்து வெள்ளை அடித்த வீடுகள்தானே அவை.

சங்கடப்படலை கட்டலாமா?

கூரையும் குந்தும் வைத்த அந்தத் தெருவாசலைத் தாராளமாகக் கட்டலாம். ஆனால் தலைக்குமேல் உயர்ந்த மதிலைச் சுற்றிக் கட்டிவிட்டு நடுவில் ஒரு சங்கடப்படலை வைப்பது, தலையில் கிரீடம் வைத்துக்கொண்டு முகத்தை மூடுவது மாதிரி. வழிப்போக்கர் ஒதுங்கி இருந்து தண்ணீர் குடிக்கத்தான் அந்தக் கூரையும் குந்தும். உயர்ந்த மதில் சோளகக் காற்றையும் மறிக்கும். தெருப்பக்கம் நெஞ்சளவு மதில், மற்றப் பக்கம் கிளுவைக் கதியால் வேலி போதும் என்போம். கேட்கிறவர்கள் குறைவு.

வீட்டை யாருடைய பெயரில் எழுதுவது?

படம் கீறுபவரிடம் கேட்கிற கேள்வி இல்லை, ஆனாலும் கேட்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில் முதுசம் (வழிவழியாக வந்தது), சீதனம், தேடிய தேட்டம் (மணமானபின் சேர்த்தது) என்று சொத்து பிரிவதால், எந்தக் காசில் எந்தக் காணியில் கட்டுகிறீர்கள் என்பதே பிறகு வழக்காகும். மகளுக்குச் சீதனமாக எழுதுவதென்றால் உங்களுக்குச் சீவிய உரித்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகள் வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தால் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் குறுக்கே வரக்கூடும். நொத்தாரிசிடம் அத்திவாரத்துக்கு முன்னரே போங்கள், பிறகு அல்ல.

எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முற்றத்தின் ஒரு பக்கத்தைத் தனி வாசல், தனிக் குசினி வைக்கக்கூடியதாகக் கீறித் தருவோம். இன்றைக்கு அது பெற்றோருக்கு, நாளைக்கு வாடகைக்கு, அதற்குப்பிறகு இரண்டு சகோதரங்கள் ஒரு வீட்டைப் பகிர வேண்டி வந்தால் நடுச்சுவர் எழுப்பாமல் பகிர. கிணற்றைப் பங்காக எழுதினால் போய்வரும் பாதையையும் உறுதியில் எழுதுங்கள்.

எப்போது தொடங்கினால் நல்லது?

பிரதேச சபை அனுமதியை மாரியிலேயே எடுத்து வையுங்கள். தை பிறந்து நிலம் காய்ந்ததும் அத்திவாரம். சுவருக்குக் கோடை முழுவதும் இருக்கிறது, தண்ணீர் அடித்து நனைக்க மட்டும் ஆள் வேண்டும். புரட்டாதி முடிய முன் கூரை ஏறிவிட வேண்டும். ஏறாது என்று தெரிந்தால் சுவரின் மேல்மட்டத்தைக் கிடுகால் மூடிவிட்டு அடுத்த தைவரை வேலையை நிறுத்துங்கள், மரத்தை நனைய விடாதீர்கள். குடிபூரலுக்கு, அதாவது புது வீட்டில் குடிபுகும் நாளுக்கு, ஓகஸ்டில் விமான ரிக்கற் போட்டுவிட்டோம் என்று சொல்லி வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது, ரிக்கற்றை அடுத்த வருடத்துக்கு மாற்றுங்கள் என்பதுதான்.